பாகத்தை மாற்றும் முன் பழுதை அறிதல்

சிங்காரப்பேட்டையிலிருந்து ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் செல்லும் கார்கள், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பீடபூமியை நோக்கி ஏற வேண்டியிருப்பதால், சமதளத்தில் தென்படாத என்ஜின் கோளாறுகள் சில வழியிலுள்ள மேலுமலை ஏற்றத்தில் வெளிப்படுவதுண்டு. ‘வண்டி இழுக்கவில்லை’, ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்று உரிமையாளர் முறையிட்டதும், பிளக், சென்சார், பெட்ரோல் பம்ப் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது செலவைக் கூட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டுவதில்லை.

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று மிகுதியாக நுழைந்து அழுத்தம் கூடுவதால், ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அதனைத் தர இயலாத பலவீனமான இக்னிஷன் காயில், வண்டி நின்றிருக்க என்ஜின் மட்டும் ஓடும்போது குறையின்றி இயங்குவதாகவே தோன்றும். எனினும் பெட்ரோல் போதிய அளவு வராதபோதும் ஏற்றத்தில் இதே தடுமாற்றம் நேரும் என்பதால், அறிகுறியை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்தபின் ஸ்கேனர் காட்டும் குறியீடும் பழுதான பாகத்தின் பெயரன்று. பி0301 என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதை மட்டுமே உணர்த்துகிறது. தனித்தனிக் காயில்கள் உள்ள என்ஜினில் அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி ஓட்டும்போது குறியீடு பி0303 ஆக மாறினால் பழுது காயிலில் உள்ளது என்றும், மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும் என்றும் கொள்ளலாம்.

பி0171 குறியீடு, பெட்ரோலின் விகிதம் குறைந்து காற்று மிகுந்துள்ளதைக் குறிக்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் அதைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவை. புகையில் எஞ்சும் ஆக்ஸிஜனை அறியும் சென்சார் இவ்விகிதம் பிறழ்வதை உணர்த்த, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஈடுசெய்கிறது. இந்தத் திருத்த அளவு ‘ஃபியூயல் டிரிம்’ எனப்படும். அது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும் ஐடிலிங்கில் மிகுந்து, வேகம் கூடுகையில் குறைந்தால், விரிசலுற்ற வேக்குவம் குழாய் வழியே காற்று புகுவதாக ஐயுறலாம். சுமை ஏற ஏறத் திருத்தமும் உயர்ந்தால் பம்ப், பில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றின் பக்கம் ஆய்வைத் திருப்பி, பெட்ரோல் அழுத்தத்தை அளக்க வேண்டும். உண்மையைச் சொன்ன ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி எறிவதால் பயனில்லை.

இச்சோதனைகளுக்கு முன்பே பேட்டரியைப் பார்ப்பது நன்று. ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், பெரும்பாலான கார்களில் என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்தாலோ எர்த் இணைப்பு துருப்பிடித்தாலோ, ஒன்றோடொன்று தொடர்பற்ற பல குறியீடுகள் ஒருசேரத் தோன்றக்கூடும்.

ஆய்வைத் தாமதிப்பதும் கேடே. எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதனை உருக்கிவிடலாம். ஆகவே, கோளாறு குளிர்ந்த நிலையிலா சூடேறிய பின்னரா, ஏசி இயங்கும்போதா ஏற்றத்திலா தோன்றுகிறது என்பதை உரிமையாளர் குறித்துக் கொடுப்பதும், குறியீட்டை அழிக்குமுன் அது பதிவான வேளையின் வேகம், வெப்பம், சுமை ஆகியவற்றை மெக்கானிக் எழுதி வைப்பதும், பழுது நீக்கிய பின் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துக் குறியீடு மீண்டும் வரவில்லை என உறுதி செய்வதும் இன்றியமையாதவை.