சதர்ன் கிராஸ் (நீராவிக் கப்பல்)

சதர்ன் கிராஸ் என்பது 1914 மார்ச் இறுதியில் நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையை ஒட்டிப் பனிப்புயலில் சிக்கி, 170-க்கும் மேற்பட்டோருடன் காணாமல் போன மரக்கப்பல் ஆகும். ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்து அக்காலத்தில் கனடாவுடன் சேராத, பிரித்தானியப் பேரரசுக்கு உட்பட்ட தனி நாடாக இருந்தது.

1886 இல் நோர்வேயின் அரெண்டால் நகரில் 'பொலக்ஸ்' என்ற பெயரில் கட்டப்பட்ட இக்கப்பலில் நீராவிப் பொறியும் பாய்மரங்களும் இருந்தன. கார்ஸ்டன் போர்ச்கிரெவிங்க் இதை வாங்கிப் பெயர் மாற்றினார். 1899 இல் அன்டார்க்டிக்காவின் நிலப்பரப்பில் முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கழித்தது அவருடைய குழுவே. அதன்பின் கப்பல் நியூஃபவுண்ட்லாந்தின் கடல்நாய் வேட்டைக்கு விற்கப்பட்டது. பனிப்பாளங்களுக்கு இடையே நெருக்குண்டாலும் சற்று வளைந்துகொடுக்கும் என்பதால் மரக்கப்பல்களுக்கு அங்கே நீண்டகாலம் மதிப்பு இருந்தது. 1914 இல் எஃகுக் கப்பல்கள் வேட்டைக்கு வந்துவிட்டபோதும் பழைய மரக்கப்பல்கள் கைவிடப்படவில்லை.

அவ்வாண்டு செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் நல்ல வேட்டை. கொழுப்புடன் உரிக்கப்பட்ட தோல்களை நிறைய ஏற்றிக்கொண்டு சதர்ன் கிராஸ் செயின்ட் ஜான்சு துறைமுகத்துக்குத் திரும்பியது. முதலில் கரைசேரும் கப்பலுக்குத் தனிப் பெருமை உண்டு. மார்ச் 31 அன்று பைன் முனைக்கு அருகே 'போர்ட்டியா' என்ற கரையோரக் கப்பல் அதைக் கண்டது. இரண்டும் ஊதல் ஒலி எழுப்பிக்கொண்டன. போர்ட்டியா செயின்ட் மேரிஸ் விரிகுடாவில் ஒதுங்கியது. சதர்ன் கிராஸை அதன்பின் யாரும் காணவில்லை.

கப்பலில் கம்பியில்லாத் தந்தி இல்லை. ஆகவே உதவி கேட்க அதற்கு வழியில்லை. கரையில் இருந்தவர்களோ, அது எங்கேனும் ஒதுங்கியிருக்கும் என்றே சில நாள் நம்பியிருந்தனர். வழுக்கும் தோல் பாரம் அலையில் ஒருபக்கமாகச் சரிந்து கப்பலைக் கவிழ்த்திருக்கலாம் என்பது பலரின் கருத்து. ஆனால் எங்கே மூழ்கியது என்பதற்குக்கூடச் சான்று கிடைக்கவில்லை.

அதே புயலில் 'நியூஃபவுண்ட்லாந்து' என்ற மற்றொரு மரக்கப்பலின் வேட்டைக்காரர்கள் இரண்டு இரவுகள் பனிப்பாளங்களின் மேல் தவித்து, 78 பேர் இறந்தனர். அதில் முன்பு இருந்த தந்திக் கருவியை, வருவாய்க்கு உதவவில்லை என்று உரிமையாளர்கள் அகற்றியிருந்தனர். இரு இழப்புகளையும் அரசு ஆணையம் விசாரித்தது. வேட்டைக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தியைக் கட்டாயமாக்கியும், ஏற்றிவரும் தோல்களுக்கு வரம்பு விதித்தும் பின்னர் சட்டங்கள் வந்தன.