நரைத்த சட்டைக்கு மறுபடியும் கறுப்பு

இரண்டு வருடம் உழைத்த கறுப்புப் பருத்திச் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தோள்பட்டை பழுப்பேறியிருக்கும், காலர் மடிப்பு வெளிறியிருக்கும். பாக்கெட்டின் உள்பக்கம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய கறுப்பு அப்படியே இருக்கும். துணி எங்கும் நையவில்லை, தையலும் விடவில்லை. ஆனாலும் "சாயம் போச்சு" என்று அதைத் தரை துடைக்கப் போட்டுவிடுகிறோம். இன்னும் சில வருடம் உடுத்தக்கூடிய துணியை இப்படித் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிறத்தை வீட்டிலேயே திரும்ப ஏற்றிவிடலாம்.

வெயில் சாய மூலக்கூறுகளை உடைக்கிறது. இழையில் சரியாகப் பிடிக்காத சாயம் சலவைக்குச் சலவை கரைந்து போகிறது. இன்னொரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. துணி உரசி உரசி மெல்லிய இழைநுனிகள் எழும்பி நிற்கும். அவை ஒளியைச் சிதறடிப்பதால், சாயம் இருக்கும் இடம்கூட நரைத்துத் தெரியும். அந்தப் பிசிறுக்குச் சாயம் மருந்தாகாது. அதை முதலில் வழித்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, துணி எது என்று தெரிந்தாக வேண்டும். உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. இனிச் சொல்லப்போகும் முறை பருத்திக்கு மட்டும். பட்டுத் துணியை இதில் போட்டால், சேர்க்கும் சோடாவின் காரம் அதைக் கெடுக்கக்கூடும். பாலியெஸ்டருக்கோ ஆலைகளில் அழுத்தக் கலத்தில் 130 டிகிரி வரை சூடேற்றித்தான் சாயம் ஏற்றுகிறார்கள்.

ஒரு காலத்தில் பருத்திச் சாயங்களில் பல இழையோடு ஒட்டிக்கொண்டு மட்டுமே இருந்தன. அவுரி நீலம் போன்றவை கரையாத துகளாக இழைக்குள் அடைபட்டுக் கிடந்தன. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன வேதியியலாளர்கள் ராட்டியும் ஸ்டீஃபனும் 1954-இல் கண்ட வழி வேறு. அவர்களுடைய சாயம் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பால் இணைந்து, இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. 1956-இல் 'புரோசியான்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இந்த வகையைத்தான் 'ரியாக்டிவ் சாயம்' என்கிறார்கள். இதில் சாதாரணத் தண்ணீரிலேயே பிடிக்கும் ரகம் வீட்டுக்குப் போதும். நம் ஊர்ச் சூட்டுக்கு அடுப்பே வேண்டாம்.

கால் கிலோ எடையுள்ள சட்டைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், கால் கிலோ உப்பு, 75 கிராம் வாஷிங் சோடா. நடுத்தர நிறத்துக்குச் சாயப்பொடி 5 முதல் 8 கிராம். அடர்கறுப்புக்கு 20 கிராம். தண்ணீரில் பருத்தியும் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழைக்குள் அனுப்புகிறது. இருபது நிமிடம் துணியைப் புரட்டிக்கொண்டே இருந்த பிறகு, சோடாவைத் தனியே கரைத்து, துணிமேல் படாமல் ஓரமாக ஊற்ற வேண்டும். அந்தக் காரத்தில்தான் செல்லுலோஸ் விழித்துக்கொண்டு சாயத்தைப் பிணைக்கிறது. ஒரு மணி நேரம் விடலாம். சோடா சேர்ந்த சாயத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. அது தண்ணீரோடே வினைபுரிந்து வீரியம் இழந்துவிடும். பொடி மூச்சில் போனால் ஒவ்வாமை வரலாம். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சமையல் பாத்திரம் கூடவே கூடாது.

கஞ்சி போட்ட சட்டையென்றால் முதலில் வெந்நீரில் நன்றாக அலசுங்கள். கஞ்சியும் செல்லுலோஸின் உறவுதான். சாயம் அதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சலவையில் அதோடு சேர்ந்தே வெளியேறிவிடும். எண்ணெய்க் கறையும் சாயத்தைத் தடுக்கும். இருக்கும் நிறத்தின் மேல்தான் புது நிறம் ஏறும் என்பதால் மஞ்சள் சட்டையை நீலத்தில் முக்கினால் பச்சைதான் வரும். கறுப்பைக் கறுப்பாக்குவதும், நீலத்தை அடர்நீலமாக்குவதும்தான் முதல்முறை செய்பவருக்கு ஏற்றவை.

வெள்ளைச் சட்டையை நீலமாக்கியவர்கள் காய்ந்ததும் ஒன்றைப் பார்ப்பார்கள். துணி நீலம், தையல் வெள்ளை. தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் அது சாயத்தைத் தொடவே இல்லை. காலரிலும் பட்டையிலும் வரிவரியாக ஓடும் அந்த வெள்ளைத் தையல் எனக்கு அழகாகவே தெரிகிறது.

போட்ட சாயம் முழுவதும் துணியில் பிடிப்பதில்லை. கணிசமான பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். அதை வெந்நீரும் சோப்பும் விட்டுத் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். அந்தக் கழிவில் சாயமும் உப்பும் காரமும் இருக்கின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் உப்பேறியதும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் இதே கலவையால்தான். ஒரு வாளி அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், கிணற்றடியில் கொட்டாதீர்கள். வீட்டில் நரைத்துக் கிடக்கும் கறுப்புத் துணிகளை எல்லாம் எடை போட்டுச் சேர்த்து, ஒரே நாளில், துணி தாராளமாகப் புரளும் அளவு தண்ணீரில் முக்கினால் உப்பும் மிச்சம், கழிவும் குறைவு.