பனிச்சறுக்குச் சரிவில் நீங்கள் யார்: மாணவரா, வாடிக்கையாளரா, வேலையாளா?

நவம்பரில் டெல்லியின் காற்று மூச்சை அடைக்கத் தொடங்கியதும் செல்போனில் மலை விளம்பரங்கள் வரிசைகட்டும். 'ஒரே குளிர்காலத்தில் ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர் ஆகுங்கள்', 'ஸ்னோபோர்டு கற்றுக்கொண்டே சம்பாதியுங்கள்', 'வெளிநாட்டில் வேலை உறுதி' என்று விதவிதமாக. கல்லூரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், அது ஆர்.கே. புரமோ மயூர் விஹாரோ, இப்போது சாப்பாட்டு நேரத்துப் பேச்சே இதுதான். காஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மணாலி. விமானம் என்றால் மதியத்துக்குள் ஸ்ரீநகர். சென்னைப் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி இது.

போகட்டும். நல்ல தொழில், நல்ல உடற்பயிற்சி. ஆனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை: அந்தச் சரிவில் நிற்கும்போது சட்டத்தின் கண்ணில் நான் யார்? பயிற்சி நடத்துபவர் இதைத் தெளிவாகச் சொல்ல மாட்டார். கட்டணம் வாங்கும்போது நீங்கள் மாணவர். காலையில் வாடகை ஸ்கீக்களைத் துடைத்து அடுக்கவும் மாலையில் சுற்றுலாப் பயணிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் சொல்லும்போது 'இன்டர்ன்'. கால் உடைந்தால் சொந்தப் பொறுப்பில் வந்த சுற்றுலாப் பயணி. எது இலாபமோ அது. உங்கள் உரிமையும் போய் முறையிட வேண்டிய இடமும் இந்தப் பெயரைப் பொறுத்தே மாறுகின்றன.

2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் சாய்ந்த ஒரு மரம் காஷ்மீரின் குல்மார்க்கில் கண்டோலா எனப்படும் ரோப்காரின் கம்பியில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நால்வர் டெல்லியிலிருந்து சுற்றுலா போன ஒரே குடும்பம். மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். விபத்து ஒன்றுதான். டிக்கெட் வாங்கி ஏறியவர்களின் உறவினருக்குச் சட்டம் காட்டும் வழி வேறு, பிழைப்புக்காக ஏறியவர்களின் குடும்பத்துக்குக் காட்டும் வழி வேறு.

முதலில் மாணவர் என்ற நிலையைப் பார்ப்போம். இந்தியாவில் பனிச்சறுக்கை முறையாகக் கற்றுத்தரும் அரசு நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ், 1968இல் தொடங்கிய இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம் இருக்கிறது. மணாலியில் ஹிமாசல அரசின் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம், பஹல்காமில் ஜவஹர் மலையேற்ற நிறுவனம், ஔலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் வகுப்புகள். இங்கெல்லாம் அடிப்படை வகுப்பு ஓரிரு வாரம்தான். இன்ஸ்ட்ரக்டர் ஆக, அதில் நல்ல கிரேடு வாங்கி, இடைநிலை, மேல்நிலை என்று ஏறி, கடைசியில் 'மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற கற்பிக்கும் முறைக்கான வகுப்புக்கு வர வேண்டும். ஒரே சீசனில் எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால், எந்த அமைப்பின் சான்று, எந்த நிலை, அதை வைத்து யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று கேளுங்கள். கனடா, நியூசிலாந்து, பிரிட்டன் அமைப்புகளின் முதல் நிலைச் சான்றும் தொடக்கநிலைக்காரர்களுக்குக் கற்றுத்தருவதற்கானதுதான். சந்தேகம் இருந்தால் அந்த அமைப்புக்கே ஒரு மெயில் போட்டு, இந்த இடத்தில் உங்கள் தேர்வு நடக்கிறதா என்று விசாரிக்கலாம். காசு செலவில்லை.

டெல்லிக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் தலைமையகம் பெனிட்டோ ஹுவாரெஸ் சாலையில்தான் இருக்கிறது. நேரில் போய் விசாரிக்கலாம். மத்திய அரசு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, பயிற்றுநர்களின் தகுதி என்ன, கடந்த ஆண்டுகளில் விபத்து நடந்ததா, பயிற்சி பெறுவோருக்கு என்ன காப்பீடு என்று எழுதிக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. தனியாரிடம் இந்த வழி கிடையாது. அவர்களிடம் மாநிலச் சுற்றுலாத் துறையின் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹிமாசலில் சாகச விளையாட்டு நடத்துவோர் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்டதும் முகம் மாறினால் அதுவே பதில்.

அடுத்து ஆபத்து. டெல்லி கடல் மட்டத்திலிருந்து 216 மீட்டர். குல்மார்க் ஏறத்தாழ 2,650. கண்டோலாவின் இரண்டாம் கட்டம் கொண்டுபோய் விடும் அஃபர்வத் 4,000 மீட்டரைத் தொடும் உயரம். காலையில் டெல்லியில் விமானம் ஏறியவர் அன்றைக்கே மேல் நிலையத்தில் நிற்பது முட்டாள்தனம். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் வந்தால், வேறு காரணம் தெரியும்வரை உயர நோய் என்றே கொள்ள வேண்டும். 'முதல் நாளே மேலே' என்று போட்டிருக்கும் அட்டவணை, நடத்துபவரின் தரத்தைச் சொல்லிவிடும்.

பனிச்சரிவு அதைவிடப் பெரிய விஷயம். பயிற்சி என்ற பெயர் யாருக்கும் கவசம் ஆவதில்லை. 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க் அருகே கிலன்மார்கில் பனிச்சரிவில் இறந்த 17 வீரர்களும் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியில் பயிற்சியில் இருந்தவர்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் மேல்நிலை வகுப்பு பனிச்சரிவில் சிக்கியதில் 27 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தின் ஹபத்குட் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். உடன் போன வெளிநாட்டவர் 19 பேரை மீட்டார்கள். பனியில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதாகவும், 35 நிமிடம் ஆனால் அது மூன்றில் ஒருவராகக் குறைவதாகவும் சுவிட்சர்லாந்துப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. கால் மணி நேரத்தில் எந்த ஹெலிகாப்டரும் வராது. பக்கத்தில் இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால் திறந்துவிடாத சரிவுக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொல்லும் எந்த வகுப்பிலும் புதைந்தவரைக் கண்டறிய ஆளுக்கொரு டிரான்சீவர், மண்வாரி, துழாவும் கம்பு உண்டா, அவற்றைப் பயன்படுத்தப் பழக்குவார்களா என்று கேளுங்கள். சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. குல்மார்க்கில் ஸ்கீ ரோந்துக் குழு இருக்கிறது. எச்சரிக்கை இருந்த நாளில் உங்களை மேலே கூட்டிப் போயிருந்தால், பின்னால் வழக்கில் அதுவே பெரிய சாட்சி. அன்றைய எச்சரிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

'என்ன நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல' என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போட்டாச்சே என்று பலர் அத்தோடு ஓய்ந்துவிடுகிறார்கள். பனியில் வழுக்கும், விழுவோம் என்ற இயல்பான ஆபத்துக்கு நீங்கள் சம்மதித்தீர்கள், சரி. பழுதான பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) மாட்டிய ஸ்கீயைக் கொடுத்ததற்கும், தகுதியில்லாத ஆளை இன்ஸ்ட்ரக்டர் என்று நிறுத்தியதற்கும் நீங்கள் சம்மதம் தரவில்லை. வழக்கே போடக் கூடாது என்று முற்றாகத் தடுக்கும் ஷரத்து 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு இருக்கிறது. அது குற்ற வழக்கு, உங்கள் கையெழுத்து அதைத் தடுக்காது.

காப்பீட்டில்தான் 'நீங்கள் யார்' என்ற கேள்வி நேராக உங்கள் பையைத் தொடும். மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்குகளில் ஒன்பதாவது, சாகச விளையாட்டு பற்றியது. அதை நிதானமாகப் படியுங்கள்: சாகச விளையாட்டில் 'தொழில்முறையாக' ஈடுபட்டதால் வந்த சிகிச்சைச் செலவுக்குத்தான் விலக்கு. கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்பவர் தொழில்முறையாளர் அல்லர் என்று வாதிட முழு இடம் உண்டு. ஆனால் அதே பையன் 'ஸ்டைபெண்ட்' என்று மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குக் கற்றுத்தரும்போது முட்டியைக் கிழித்துக்கொண்டால் கதை மாறுகிறது. அப்போது செலவைக் கேட்க வேண்டியது வேலைக்கு வைத்தவரிடம். அவர் 'நீ இன்டர்ன்தானே' என்பார். அதனால் தொகை, வேலை நேரம், யார் காப்பீடு என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். 'இன்ஷூரன்ஸ் உண்டு' என்று வாயால் சொன்னால் போதாது; பாலிசி எண், தொகை, மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு அடங்குமா, மூன்றும் வேண்டும். க்ளெய்மை நிராகரித்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் 50 லட்சம் ரூபாய் வரைக்குமான கோரிக்கையை ஒரு வருடத்துக்குள் கொண்டுபோகலாம். டெல்லியிலேயே அலுவலகம் உண்டு, வக்கீல் தேவையில்லை.

பனியே விழாவிட்டால்? இது கற்பனை இல்லை. 2024 ஜனவரியில், சில்லை கலான் எனப்படும் கடுங்குளிர் நாற்பது நாளின் பெரும்பகுதியில், குல்மார்க் சரிவுகள் வெறும் மண்ணும் காய்ந்த புல்லுமாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் கட்டத்தையே பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகவே பனி இல்லாவிட்டால் தேதி மாறுமா, பணம் திரும்புமா என்பது முன்பதிவுத் தாளில் இருக்க வேண்டிய முதல் வரி. 'எக்காரணம் கொண்டும் பணம் திரும்பாது' என்ற ஒருதலைப்பட்ச ஷரத்தை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நியாயமற்ற ஒப்பந்தம் என்று மாநில நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கலாம்.

சேவைக் குறைபாட்டு வழக்குக்கு மாவட்ட ஆணையம் போதும். கட்டிய பணம் 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. முக்கியமானது, குல்மார்க்கில் நடந்ததற்குக் குல்மார்க் போக வேண்டாம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது டெல்லியிலேயே வழக்குப் போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துப் பாருங்கள். பல ரீஃபண்டுகள் அந்தக் கட்டத்திலேயே வந்துவிடுகின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சேலத்து விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் தருவது நுகர்வோர் சட்டத்தின் பொருளில் சேவை ஆகாது என்றது. தொழிற்கல்வி, கல்விச் சுற்றுலா, நீச்சல், விளையாட்டு எல்லாம் அதில் அடங்கும் என்றும், கோச்சிங் நிறுவனங்களுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை என்றும் சொன்னது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆக, சுற்றுலா கம்பெனி ஒன்று தன் பெயரில் 'அகாடமி' என்று ஒட்டிக்கொள்வதில் அழகு மட்டும் இல்லை, தற்காப்பும் இருக்கிறது. இதற்கு மாற்று, ஜி.எஸ்.டி. எண் போட்ட பில். வரி மிச்சமாகும் என்று ரொக்கமாகக் கட்டாதீர்கள். சுற்றுலாச் சேவை என்று அவர்களே எழுதித் தந்த பில்லைக் கையில் வைத்திருப்பவரிடம் 'நாங்கள் பள்ளிக்கூடம்' என்று வாதிடுவது கஷ்டம்.

வெளிநாட்டுப் பேச்சு வந்தால் இரட்டிப்பு கவனம். 'இங்கே பயிற்சி, அங்கே வேலை' என்று வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுச் சான்று வைத்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். பதிவுபெற்ற ஏஜென்ட்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். 'நாங்கள் பயிற்சிதான் விற்கிறோம், வேலை வெறும் உதவி' என்று நழுவுவதற்கே கட்டணத்தைப் பயிற்சி என்று எழுதுகிறார்கள். கனடா, ஜப்பான் பனி நகரங்களில் 'ஒர்க்கிங் ஹாலிடே' விசா வாங்கித் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நாடுகளின் உடன்பாட்டுப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆஸ்திரேலியா 2024இல் 18 முதல் 30 வயது இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம் திறந்தது. அதுவும் குலுக்கல், குலுக்கலுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஏமாந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் உதவி எண் 1800 11 3090, பணம் ஆன்லைனில் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் முதலாளிக்கும் உரிமை இல்லை. அது இந்திய அரசின் சொத்து.

பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் கேட்கத் தயங்கும் ஒன்று: முகாமில் இன்ஸ்ட்ரக்டரே தொல்லை கொடுத்தால்? 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், விளையாட்டு நிறுவனத்தையும் தங்கிப் பயிலும் பயிற்சி இடத்தையும் பணியிடம் என்றே எண்ணுகிறது. சம்பளம் வாங்காதவரும் புகார் தரலாம். உள் புகார்க் குழு யார் யார் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பத்துக்கும் குறைவான ஊழியர் உள்ள இடம் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.

கெடுக்களை மட்டும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம். முட்டியின் தசைநார் அறுந்தால் அறுவையும் பிசியோதெரபியுமாக ஒரு வருடத்தின் பெரும்பகுதி போய்விடும். அதற்குள் வாடகை ஸ்கீ வேறொருவர் காலில் இருக்கும், கூட இருந்த சாட்சிகள் ஊர் ஊராகக் கலைந்திருப்பார்கள். அதனால் உபகரணத்தின் படம், கூட இருந்தவர்களின் எண், மருத்துவரின் முதல் சீட்டு மூன்றையும் அன்றைக்கே எடுத்து வைத்து, நிறுவனத்துக்கு முதல் கடிதத்தை மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே யாரையாவது எழுதச் சொல்லி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.