தளபதிக்கு எதற்கு சினிமா?

சேத் கேமராவை நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நாட் என்ற ரகசியப் படையில் பெரிய பொறுப்பில் இருப்பவர். தலைவர் கேனுக்குத் தெரியாமல் அமெரிக்க ராணுவத்தைத் தாக்கும்படி, விளையாடுபவரிடம் ஒரு கள்ள உத்தரவைக் கொடுக்க ஆரம்பிக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் துப்பாக்கி வெடிக்கிறது. சரிந்து விழுந்தவர் இருந்த இடத்துக்குக் கேனே வந்து நிற்கிறார். ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடுபவருக்கு வாழ்த்துச் சொல்லி, அடுத்த வேலையைத் தானே ஒப்படைக்கிறார்.

1995இல் வெளிவந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' கேமில் வரும் சின்னக் காட்சி இது. தயாரித்தது லாஸ் வேகஸில் இருந்த வெஸ்ட்வுட் நிறுவனம். நடித்தவர்களில் பலர் அங்கேயே வேலை பார்த்தவர்கள். கேனாக வந்த ஜோ குக்கன் உள்ளூர் நாடக மேடையிலிருந்து வந்தவர்; இந்தக் காட்சிகளை இயக்கியவரும் அவர்தான். பின்புலம் முழுக்க கம்ப்யூட்டரில் போட்டது. இன்று பார்த்தால் சிரிப்பு வரும், ஆனாலும் கேனை யாரும் மறக்கவில்லை.

இரண்டு பகுதி ஆட்டத்துக்கு நடுவே ஓடும் இந்தக் குறும்படங்களை 'கட்சீன்' என்பார்கள். சண்டைக் கேம்களுக்கும் சாகசக் கேம்களுக்கும் இவை இயல்பாகப் பொருந்திவிடும். திரையில் ஏற்கெனவே ஒரு கதாநாயகன் ஓடிக்கொண்டிருக்கிறான். வியூக கேம்களில் அப்படி யாரும் இல்லை. விளையாடுபவர் வானத்திலிருந்து பார்க்கிறார். கீழே விரல்நகம் அளவுள்ள வீரர்கள் ஐம்பது பேர், நாலு டாங்கி, ஒரு தொழிற்சாலை. பத்து பேர் செத்தால் இன்னும் பத்து பேரை உருவாக்க ஒரு பொத்தான் போதும். யாருக்காக, எதற்காகச் சண்டை என்று சொல்ல ஒரு முகம் தேவைப்படுகிறது. அந்த முகத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதில்தான் முப்பது ஆண்டுகளாகக் கருத்து வேறுபாடு.

செலவு படப்பிடிப்போடு நிற்பதில்லை. வியூக கேமில் எந்தப் படைக்கு எவ்வளவு வலு, எந்தக் கட்டத்தில் எதிரி எங்கிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் கடைசி மாதம்வரை மாறிக்கொண்டே இருக்கும். நடிகரை வைத்து எடுத்த காட்சியை அப்படி மாற்ற முடியாது. அவர் "வடக்குப் பாலத்தைப் பிடி" என்று சொல்லிவிட்டால், பாலம் வடக்கிலேயே இருந்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் உருவாக்கும் உயர்தர அனிமேஷனிலும் இதே சிக்கல்தான். ஒரு விநாடிப் படத்துக்கு இருபத்து நாலு ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமும் கணினியில் வெந்து இறங்கப் பல மணி நேரம் பிடிக்கலாம்.

இத்தனை செலவையும் ஏற்றுக்கொண்ட நிறுவனங்கள் அடுத்து நட்சத்திரங்களைத் தேடிப் போயின. 'கமாண்ட் அண்ட் காங்கர்' வரிசையில் 1999இல் வந்த 'டைபீரியன் சன்' கேமில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் மைக்கேல் பீனும் நடித்தார்கள். முந்தைய கேமைவிடப் படம் பளபளப்பு, நடிப்பும் தேர்ச்சியானது. ஆனால் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. பழைய கேமில் எல்லாரும் விளையாடுபவரைப் பார்த்துப் பேசினார்கள், அவர்தான் தளபதி. இதில் தளபதி மைக்கேல் பீன். விளையாடுபவர் டிக்கெட் வாங்கி உள்ளே வந்த ரசிகர், அவ்வளவுதான். கூடுதலாகக் கொட்டிய காசு தளபதியின் நாற்காலியை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது.

பின்னால் வந்தவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். அதே வரிசையில் 2008இல் வந்த 'ரெட் அலர்ட் 3' கேமில் டிம் கர்ரி, ஜே.கே. சிம்மன்ஸ், ஜார்ஜ் டக்கேய், ஜொனாதன் பிரைஸ் என்று ஒரு பட்டாளமே இருந்தது. எல்லாரும் மறுபடி கேமராவைப் பார்த்தே பேசினார்கள். முதலாளித்துவம் இன்னும் தீண்டாத ஒரே இடமான விண்வெளிக்குத் தப்பப் போவதாக, சோவியத் தலைவர் வேடத்தில் டிம் கர்ரி அறிவிக்கும் இடம் இன்றும் இணையத்தில் சுற்றி வருகிறது. வசனத்தைச் சொல்லும்போது மனிதர் சிரிப்பை அடக்கப் பாடுபடுவது அப்பட்டமாகத் தெரியும். அந்தக் கேமைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அந்தத் துண்டு தெரியும். விளம்பரம் என்று கணக்கு வைத்தால் போட்ட காசுக்கு நல்ல வரவு. ஆட்டத்துக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதாக வராது.

செலவு செய்தும் ஜெயித்தவர்கள் உண்டா? உண்டு, பிளிஸார்ட் நிறுவனம். 2002இல் வந்த 'வார்கிராஃப்ட் 3' கேமில் முழுநீள உயர்தர அனிமேஷன் மிகச் சில இடங்களில்தான் வரும்: தொடக்கத்தில் ஒன்று, பிறகு பெரிய கதைப்பகுதிகள் முடியும் இடங்களில். மற்ற கதையெல்லாம் ஆட்டத்திலுள்ள அதே பொம்மைகளை வைத்தே நடக்கிறது. இளவரசன் ஆர்தஸ், நோய் பரவிய தன் ஊர் மக்களையே வெட்டச் சொல்கிறான். அந்த வெட்டை மவுசால் செய்வது விளையாடுபவர். சபிக்கப்பட்ட வாளைத் தேடி எடுப்பதும் அவரே. அதற்குப் பிறகு வருகிறது பெரிய அனிமேஷன். ஆர்தஸ் ஊர் திரும்புகிறான், மக்கள் பூ இதழ்களைத் தூவுகிறார்கள், தந்தையின் முன் மண்டியிடுகிறான், எழுந்து அதே வாளால் அவரைக் குத்துகிறான். கிரீடம் உருண்டு வந்து ரத்தக் கறையோடு நிற்கிறது. ஐந்தாறு மணி நேரம் தன் கையால் செய்த வேலைக்கு விளையாடுபவர் பார்க்கும் விளைவு அது. அந்தச் செலவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதே கேம்தான் பின்னாளில் பிளிஸார்டுக்குத் தலைவலியானது. 'ரீஃபோர்ஜ்ட்' என்ற புதுப்பிப்பை 2018 நவம்பரில் அறிவித்தபோது, ஆட்டத்துக்குள் வரும் காட்சி ஒன்றைப் புதிய கேமரா கோணங்களோடு படமாக்கிக் காட்டினார்கள். எல்லாக் காட்சிகளும் இப்படித்தான் இருக்கும் என்று ரசிகர்கள் நம்பினார்கள். 2020 ஜனவரியில் கைக்கு வந்ததோ பழைய காட்சிகளின் மெருகேற்றிய பதிப்பு. கொதித்துப் போனவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டி வந்தது. கோபத்துக்கு வேறு குறைகளும் காரணம். ஆனால் காட்டிவிட்டுக் கொடுக்காத காட்சிகள்தான் எல்லார் வாயிலும் முதலில் வந்தன.

மலிவாகவும் செய்யலாம் என்பதற்கு 1999இன் 'ஹோம்வேர்ல்ட்' சாட்சி. கனடாவின் வான்கூவரில் இருந்த ரெலிக் நிறுவனத்தின் படைப்பு. இடைக்காட்சிகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். விண்கலம் சோதனைப் பயணம் முடிந்து சொந்தக் கிரகத்துக்குத் திரும்பும்போது கிரகமே எரிந்துகொண்டிருக்கிறது. இதற்குத் தனிப் படம் எடுக்கவில்லை. ஆட்டத்தின் கேமராவே மெல்ல நகர்ந்து அதைக் காட்டுகிறது. பின்னணியில் சாமுவேல் பார்பரின் இசை, குழுப்பாடல் வடிவில். செய்தியைச் சொல்லும் குரல்களில் அழுகையே இல்லை. உறைநிலையில் தூங்கும் கடைசி மக்களைச் சுமந்த பெட்டகங்கள் சுற்றுப்பாதையில் மிதக்கின்றன, அவற்றை எதிரி தாக்குகிறான். காட்சி எப்போது முடிந்தது, ஆட்டம் எப்போது தொடங்கியது என்பதே விளையாடுபவருக்கு உறைக்காது. கை ஏற்கெனவே மவுஸில் இருக்கும். ஹாலிவுட் நட்சத்திரம் ஒருவர் வந்து கண்ணீர் விட்டிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

வியூக கேமுக்கே உரிய இன்னொரு தொல்லை, திரும்பத் திரும்பப் பார்ப்பது. இவற்றை மக்கள் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடுகிறார்கள். 2000இல் வந்த 'ஷோகன்: டோட்டல் வார்' கேமில் எதிரி பிரபுவைக் கொல்ல நின்ஜாவை அனுப்பினால் ஒரு சிறு படம் ஓடும். முதல் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். இருபதாவது தடவை, பாட்டு வந்ததும் தியேட்டரிலிருந்து எழுந்து டீக்கடைக்குப் போகிறவரின் நிலைமைதான். விரல் தானாக எஸ்கேப் பொத்தானைத் தேடும். அதைவிட, இணையத்தில் பிறரோடு மட்டுமே மோதுகிறவர்கள் கதைப்பகுதியைத் திறந்தே பார்ப்பதில்லை. அவர்கள் கொடுத்த விலையிலும் அந்தச் சினிமாவின் பங்கு இருக்கிறது.

'ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ்' வரிசை இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தது. 2021இல் வந்த நான்காம் பாகத்தையும் ரெலிக்தான் செய்தது. இன்றைய ஐரோப்பிய நிலங்களையும் கோட்டைகளையும் உண்மையாகவே படம்பிடித்து, அவற்றின் மேல் அந்தக் காலத்துப் படைகளைத் தங்க நிறக் கோடுகளாக ஓடவிட்டார்கள். கவண்பொறி எப்படி வேலை செய்யும் என்று விளக்கும் தனிப் படங்களும் உண்டு. பார்க்க அழகு, பள்ளிக்கூடத்திலேயே போட்டுக் காட்டலாம். ஆனால் கூடவே வர ஒரு மனிதர் இல்லாததால், பார்த்து முடித்த பிறகு ஆவணப்படம் பார்த்த திருப்திதான் மிஞ்சுகிறது.

1999இன் இரண்டாம் பாகம் நேர் எதிர். சில ஓவியங்கள், கதை சொல்லும் ஒரு குரல், அவ்வளவுதான். இந்த எளிமையால்தான் அந்தக் கேம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் புதுப் புதுக் கதைகளைச் சேர்த்துக்கொண்டே போக முடிந்தது. 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' இணைப்பில் ராஜேந்திர சோழனுக்கே ஒரு தனிக் கதைப்பகுதி உண்டு. அதில் வரும் திராவிடர் படைவீரர்கள் உத்தரவுக்குப் பதில் சொல்வது தமிழில். ஒவ்வொரு கதைக்கும் பிளிஸார்ட் தரத்தில் படம் எடுத்தாக வேண்டும் என்றிருந்தால், ஸ்ரீவிஜயம்வரை கப்பல் விட்ட சோழனின் முறை அந்தப் பட்டியலில் வந்தே இருக்காது.