மாவட்டம் பிரிந்தது, வங்கி பிரியவில்லை

பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் பெரம்பலூரை விட்டுப் பிரிந்து, மறுபடி அதோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகங்கள் இப்படி இடம் மாறினாலும், இரு மாவட்டங்களின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குப் பணம் வரும் இடம் மாறவில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிதான் இன்றும் அவற்றுக்குத் தாய்வங்கி. கரூரும் அதன் எல்லைக்குள்தான்.

ஊரில் யாரும் கடன் சங்கத்தை அவ்வளவு நீளப் பெயரில் சொல்வதில்லை. ‘சொசைட்டி’ என்றால் போதும். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பயிர்க்கடன், அவசரத்துக்கு நகைக்கடன், உர மூட்டை, பல ஊர்களில் ரேஷன் கடையும் அதன் தலையில். பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. இத்தனையையும் கவனிப்பது செயலாளரும் ஓரிரு ஊழியர்களும். தனியாக மென்பொருள் வாங்கவோ தொழில்நுட்ப ஆள் வைக்கவோ அந்தச் சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது.

சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. சங்கம் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவாளரின் கண்காணிப்பில் நடப்பது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஆனால் 2020 திருத்தத்துக்குப் பிறகு, ‘வங்கி’ என்ற சொல்லைப் பெயரிலோ தொழிலிலோ பயன்படுத்தாமலும், தன் மேல் எழுதப்படும் காசோலைக்குப் பணம் தராமலும் இருந்தால்தான் இந்த விலக்கு. மத்தியக் கூட்டுறவு வங்கியின் கதை வேறு: உரிமம் ரிசர்வ் வங்கியுடையது, ஆய்வுக்கு வருவது நபார்டு. வங்கி வசதி வேண்டுமென்றால் சங்கம் அந்த வங்கியின் தோளில்தான் ஏற வேண்டும்.

அந்தத் தோள் எப்போதும் நிலையாக இருக்காது. 2016 நவம்பர் 14இல், பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தது. நடுவில் ஒரு மடை அடைத்தால் கடைமடை காயும், சங்கங்கள் காய்ந்தன.

கணக்கைப் பகிர்ந்துகொள்ளாததற்கும் விலை கொடுத்தோம். 2021இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்குத் தகுதி பார்த்தபோது, ஒரே ஆள் பல கடன் வாங்கியிருந்தது தெரியவந்தது. சங்கத்துக்குச் சங்கம் பேரேடு தனித்தனியாக இருந்தால், பக்கத்து ஊரில் அடகு வைத்தது இந்த ஊருக்கு எப்படித் தெரியும்?

2022 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 2,516 கோடி ரூபாயில், 63,000 சங்கங்களை நபார்டின் பொது மென்பொருளில் இணைக்க ஒப்புதல் தந்தது. மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் மாநிலக் கூட்டுறவு வங்கிகளுக்கும் தொழில்நுட்பம் தர ‘சஹகார் சாரதி’ என்ற பொது நிறுவனம் ரிசர்வ் வங்கி ஒப்புதலுடன் வந்திருக்கிறது. அமெரிக்கக் கடன் சங்கங்கள் இத்தகைய பகிர்வைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன: கூட்டாகச் சேவை நிறுவனம் தொடங்கலாம், ஒரு சங்கத்தின் உறுப்பினர் இன்னொன்றின் கிளையில் பணம் எடுக்கலாம். ஆனால் அங்கே மத்திய அரசு உரிமம் பெற்ற சங்கம் அத்தகைய நிறுவனங்களில் போடும் முதலீட்டுக்கு ஒரு சதவீத உச்சவரம்பு உண்டு. சேவை நிறுவனம் கவிழ்ந்தால் சங்கமும் கூடவே கவிழக் கூடாது என்பதே கணக்கு.

கேரளம் வேறு வழியில் போயிற்று. 2019 நவம்பரில் 13 மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை மாநில வங்கியோடு இணைத்துக் கேரள வங்கி ஆக்கியது. எனக்கு இணைப்பைவிடப் பகிர்வே சரியாகப் படுகிறது. பெரம்பலூர் மாவட்டச் செட்டிகுளத்து வெங்காயக்காரரின் நாணயம் உள்ளூர்ச் சங்கத்துக்குத் தெரியும்; தலைநகரில் இருக்கும் மேலாளருக்கு அது வெறும் எண். மென்பொருளைப் பொதுவாக்கலாம், கடன் முடிவை அல்ல.

பொதுத் திரை வந்தாலும் பொறுப்பு ஒன்றாகிவிடவில்லை. சேமிப்பு போடுபவர் ரசீதின் தலைப்பைப் பார்க்கட்டும். மத்தியக் கூட்டுறவு வங்கி என்றிருந்தால் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. கடன் சங்கம் என்றிருந்தால் அந்தக் காப்பீடு கிடையாது, கணினி ஒரே கணினியாக இருந்தாலும்.