குழாய் சொட்டுதுன்னு வாடகைதாரர் மெசேஜ்... செலவு யார் தலையில்?

"அண்ணா, கிச்சன் குழாய் சொட்டுது, ஆள் அனுப்புறீங்களா?" ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்தால், பெரும்பாலான ஹவுஸ் ஓனர்களின் பதில் "பார்க்கலாம்பா". அந்தப் 'பார்க்கலாம்' மூன்று வாரம் ஆகும்போதுதான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

உண்மையில், அந்தக் குழாயை மாற்றுவது யார் பொறுப்பு?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் இதற்கென்றே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. குழாய், வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர், வாஷ்பேசின், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கழிவுநீர் அடைப்பு எல்லாம் வாடகைதாரர் பக்கம். சுவர், கூரை போன்ற கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, பைப் லைன், ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். வாடகைதாரரே சேதப்படுத்தியிருந்தால் மட்டும் கட்டடப் பழுதும் அவர் கணக்கு. அக்ரிமென்ட்டில் இருவரும் இதைப் பிரித்து எழுதிக்கொள்ளலாம், எழுதிவிடுவதுதான் நல்லது.

ஆக, சொட்டுகிற குழாய் அவர் செலவு. 'அப்போ எனக்கென்ன' என்று விட்டுவிடலாமா? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சொட்டுவது குழாயா, சுவருக்குள் இருக்கும் பைப்பா என்பது பிளம்பர் பார்த்தால்தான் தெரியும். பைப் என்றால் செலவு உங்களுடையது. தள்ளிப்போட்டால் ஓதம் ஏறி, கீழ் வீட்டு சீலிங் வரைக்கும் போகும். சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்குதுன்னு சொன்னால் யார் செலவு என்ற பேச்சே வேண்டாம், அன்றைக்கே எலெக்ட்ரீஷியனை அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. அவர் பங்கை அவர் செய்யாவிட்டால், நீங்கள் செய்துவிட்டு அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டுக்குமே பில் முக்கியம். பழுதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பிளம்பர் பில்லை அதே சாட்டில் போட்டுவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸ் கணக்கு பார்க்க அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, 'என் வீடுதானே' என்று திடீரெனப் போய்க் கதவைத் தட்டக் கூடாது. பழுதுபார்க்க உள்ளே போவதற்கும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். கோபத்தில் மோட்டாரை ஆஃப் பண்ணுவது, கரண்ட்டைத் துண்டிப்பது எல்லாம் சட்டப்படி தப்பு. வாடகை பாக்கி இருந்தாலும்தான்.