குண்டு எங்கே போய்ச் சேரும்?

துப்பாக்கி என்றதும் வேட்டையும் போருமே நம் நினைவுக்கு வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலோ அது விடுமுறை நாட்பொழுதுபோக்கும் ஆகும். தந்தையும் பிள்ளைகளும் மோட்டார் வண்டியிலேறி ஊர்ப்புறத்து வெளிக்குச் செல்வர். மண்மேடொன்றின் முன்னே கடதாசி இலக்கை நாட்டுவர். மாலைவரை குறிபார்த்துச் சுட்டுவிட்டு வீடு திரும்புவர். உயிரெதனையும் கொல்லும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. கண்ணும் கையும் ஒன்றுபடுகின்றனவா என்று பார்ப்பதே அவ்விளையாட்டு.

அவர்கள் சென்று சுடும் வெளி பெரும்பாலும் பொதுநிலமாகும். சமஷ்டி அரசின் நில முகாமைப் பணியகம் 24 கோடியே 50 இலட்சம் ஏக்கர் வரையான நிலத்தைப் பரிபாலிக்கின்றது. இது இலங்கையைப்போல் ஏறக்குறையப் பதினைந்து மடங்கு. வனச் சேவையின் பொறுப்பில் மேலும் 19 கோடி ஏக்கருக்கு அதிகமான நிலம் உண்டு. தேசியப் பூங்காக்களில் இவ்விளையாட்டுக்கு இடமில்லை. ஏனைய பொதுநிலங்களிலோ, தடை விதிக்கப்படாத இடமெல்லாம் சுடுவோருக்குத் திறந்த இடமே என்பது பொதுவிதி. 2019ஆம் ஆண்டிற் கொங்கிறஸ் நிறைவேற்றிய சட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது. பாதுகாப்பின் பொருட்டு ஓரிடத்தை மூட நேரின், வேண்டிய மிகச் சிறிய பரப்பையே, வேண்டிய மிகக் குறுகிய காலத்துக்கே மூடவேண்டும் என்பது அதன் கட்டளை.

சட்டம் சொல்வது யாது?

தேசிய வனங்களின் விதி சுருக்கமானது. வீடு, கட்டடம், முகாம், மக்கள் கூடியிருக்கும் இடம் ஆகியவற்றுக்கு 150 யாருக்குள் சுடலாகாது. வனத்தின் பாதைக்குக் குறுக்கேயும், அதனை அடுத்த நீர்நிலைக்குக் குறுக்கேயும் சுடலாகாது. குகைக்குள்ளும் சுடலாகாது. மனிதருக்கோ சொத்துக்கோ ஊறு விளையக்கூடிய விதத்தில் எங்குமே சுடலாகாது. மீறுவோருக்கு 5,000 டொலர் வரை குற்றப்பணமும் ஆறுமாதம் வரை சிறையும் உண்டு. பணியகத்தின் நிலங்களிலும் உல்லாசப் பயணிகளுக்கென வசதி செய்யப்பட்ட இடங்களிற் சுடுவது குற்றம். கண்ணாடிப் போத்தலையும் பழைய இயந்திரத்தையும் இலக்காக்குதல் கூடாது; சுட்டபின் வெறுந்தோட்டாக்களையும் கிழிந்த இலக்குகளையும் பொறுக்கிச் செல்லவேண்டும்.

ஒரு பொறி போதும்

வறண்ட புல்வெளியிலே குண்டு தீயையும் மூட்டவல்லது. வனச் சேவையின் ஆராய்ச்சியாளர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதனைத் தெளிவாக்கிற்று. றைபிள் குண்டுகளை உருக்குத் தகட்டின்மேற் சுட்டு, சிதறும் துண்டுகளை உலர்ந்த பாசித்தூளில் விழச் செய்தனர். உருக்குச் சேர்ந்த குண்டுகளும் முழுச் செம்புக் குண்டுகளும் தவறாது தீ மூட்டின. அத்துண்டுகளின் வெப்பம் 800 பாகை சென்டிகிரேட்டையும் தாண்டக்கூடும் எனக் கண்டனர்.

அச்சோதனைக்கு முந்திய ஆண்டில், 2012 ஜூனில், யூட்டா மாநிலத்திலே குறிபார்த்துச் சுட்டவர்களால் எழுந்த தீ 5,500 ஏக்கரை எரித்தது. ஏறக்குறைய 9,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2017 ஏப்ரிலில் அரிசோனாவில் நிகழ்ந்தது இதனிலும் பெரிது. பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைச் சுற்றத்தாருக்கு வர்ணத்தூளால் அறிவிக்க விரும்பிய ஒருவர், வெடிக்கும் இலக்கொன்றைச் சுட்டார். மூண்ட தீ தேசிய வனத்துக்குட் புகுந்து, ஏறக்குறைய 47,000 ஏக்கரை எரித்தது. சுட்டவரோ எல்லைக் காவற்படை உத்தியோகத்தர். அன்று அவருக்கு ஓய்வுநாள். 81 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு செலுத்துமாறு நீதிமன்று விதித்தது.

காப்பவர் எத்தனை பேர்?

பணியகத்தின் சீருடைக் காவலர் ஏறக்குறைய 200 பேரே. பங்கிட்டுப் பார்த்தால், யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புக்கு ஒருவர் ஆவார். வெடியோசை கேட்டு அவர் வந்து சேருமுன் சுட்டவர் போய்விடுவார். அறிவிப்புப் பலகைகளே குண்டு துளைத்த சல்லடையாய் நிற்பதும் உண்டு.

இதன் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் பிறரே. 2015 ஜூலை 3ஆம் திகதி கொலொறாடோவின் பைக் தேசிய வனத்திலே, குடும்பத்தாருடன் முகாமிட்டிருந்த முதியவர் ஒருவர் திசைதப்பி வந்த குண்டுக்கு இரையானார். மரங்கள் மறைத்த முகாமைச் சுட்டவர் கண்டிருக்கமாட்டார். காணாத இடத்தில் மனிதர் இல்லை என்று எண்ணுவதே இவ்விளையாட்டின் பெருந்தவறு.

அரிசோனாப் பாலையில் நிற்கும் சகுவாறோ என்னும் பெருங்கள்ளி, நூற்றைம்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அதனையும் இலக்காக்குவோர் உளர். 1982ஆம் ஆண்டில் அவ்வாறு சுட்ட ஒருவர்மேற் கள்ளியின் கிளை முறிந்து வீழ, அவர் அவ்விடத்திலேயே மாண்டார். கள்ளிகளுக்கும் பண்டைய பாறைச் செதுக்கல்களுக்கும் நேர்ந்த கேட்டைப் பற்றிய வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. ஈற்றில் சொனோறன் பாலைவனத் தேசிய நினைவகத்தின் மிகப் பெரும் பகுதியிற் குறிபார்த்துச் சுடுதலைத் தடுக்க 2024ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. மண்மேட்டைத் தேடிச் சுட்டு, தோட்டாக்களைப் பொறுக்கிச் சென்றவரும் அந்நிலத்தை இழந்தார். சிலரின் அசட்டையால் அனைவரின் உரிமையும் குறைந்தது.

பரிகாரம் தண்டனை மட்டுமன்று. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 10 முதல் 11 வீத வரி அறவிடப்பட்டு, வனவிலங்குப் பாதுகாப்புக்கும் சுடுதளங்களுக்கும் செலவாகின்றது. பீனிக்ஸ் நகரையடுத்து மாநில அரசு நடத்தும் பென் ஏவரி சுடுதளம் 1,600 ஏக்கருக்கு மேற்பட்டது. மேற்பார்வையாளரும் உயர்ந்த மண்ணணையும் உள்ள இத்தகைய இடங்கள் பெருகப் பெருக, காட்டுவெளியின் ஆபத்துக் குறையும்.

ஆயினும் எல்லா வெளிக்கும் மண்ணணை கட்ட இயலாது. எல்லா மேட்டிலும் காவலரை நிறுத்தவும் இயலாது. இலக்குக்கு அப்பால் இருப்பது யாதென அறியாதவர், தம் குண்டு எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லவும் மாட்டார். அத்தகையவர் துப்பாக்கியைக் கீழே வைப்பதே முறை. இவ்வொரு விதியை இளைஞருக்கு முதலிற் கற்பித்துவிட்டாற் பிற விதிகளை அவர் தாமே உணர்வர் என்பது நம் துணிபு.